தலைசுற்றல் நின்றதா என்று கேட்டவள்

பள்ளிவாசல் ஜீப் ஸ்டாண்டில் கற்பகத்தின் போன் பேச்சைக் கேலி செய்யாத டிரைவர் கிடையாது. முதல் ஆள் அவள் புருஷன் சுடலைமணிதான். பகலெல்லாம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பாள். சாயங்காலம் வந்ததும், அவன் ஜீப்பில் மலை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு, "பத்திரமா ஊரு சேந்தீங்களா? சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?" என்பாள். ஆள் அனுப்பிவைத்த ஓட்டல்காரருக்கும் தனியாக ஒரு போன்: "ரொம்ப உபகாரம்ணே."

"ஏட்டி, அவங்க என்ன நமக்குச் சம்பந்தியா? அடுத்த சவாரிக்கு அடிபோடுறோம்னுல்லா நினைப்பாங்க!" என்பான் சுடலைமணி.

"நினைக்கட்டும். கேக்காட்டி பாதி வழியில எறக்கிவிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

இந்த வருஷ மழையில் மண் சரிந்து ரோடு ஒன்றரை மாதம் அடைபட்டது. திறந்த பிறகும் ஆள் வரவில்லை. பதினோரு வருஷம் ஓட்டிய ஜீப்பை விற்றுவிடுவதென்று சுடலைமணி முடிவுகட்டினான். பழைய வண்டி வாங்கி விற்கும் பவுல்ராஜ் ஆனைக்கரையிலிருந்து வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். ஃபேன் பெல்ட் தேய்ந்திருப்பதைக் காட்டினார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அன்றிலிருந்து சுடலைமணிக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை கற்பகத்தின் போன் அடித்தது.

"ஏனுங்க, கற்பகமுங்களா? எருத்தேன்பதி பூபதிராஜாங்க. போன வருசம் வளைவுல எங்கம்மா வாந்தி எடுத்தாங்களே..."

"தெரியாம என்னண்ணே? அம்மாவுக்கு இப்பத் தலைசுத்தல் இருக்கா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "இதைத்தானுங்க எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. பெத்த புள்ளைக ஒருத்தரும் கேக்கலைன்னு எனக்கு வசவு வேற! எங்க தென்னை விவசாயிக சங்கத்துல நாப்பது பேரு ஞாயித்துக்கெழமை வர்றோமுங்க. கற்பகத்து ஜீப்புலதான் ஏறுவோம்னு நிக்கறாங்க."

நாற்பது பேருக்கு ஐந்து ஜீப் வேண்டும். கேலி செய்தவர்களிலேயே நாலு பேரைக் கற்பகம் கூப்பிட்டுச் சேர்த்தாள். சுடலைமணி ஜீப்பைக் கழுவ வாளியை எடுத்தான். இவள் கேட்ட ஒரு கேள்வி மலையிறங்கிப் போய், அத்தனை தூரத்துத் தென்னந்தோப்புகளுக்குள் ஒரு வருஷமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியவில்லையே!

வண்டி விற்பனைக்கில்லை என்று பவுல்ராஜிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அதையும் அவள்தான் மன்னிப்புக் கேட்டுச் சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம், எல்லோரும் மலையிறங்கியதும், ஜீப்பில் சாய்ந்தபடி சுடலைமணி தன் போனை எடுத்தான்.

"யாருக்கு?"

"பவுல்ராஜண்ணனுக்கு. அவரு காட்டுன பெல்ட்டை மாத்துனதாலதான் ஏத்தத்துல வண்டி சூடாகாம ஏறிச்சு. சொல்லணும்லா?"

"ஏன், அவரு என்ன நமக்குச் சம்பந்தியா?"

"சும்மா கெட. ரிங் போவுது."