பார் அறுத்த சைக்கிள்

எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்து இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் சுரங்க நகரியத்தின் இந்தக் கோடி, பள்ளிக்கூடம் அந்தக் கோடி. அப்போது ஓடிய பஸ்கள் ஷிஃப்டுக்காக ஓடியவை. சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் பஸ் உண்டு. அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போகிறவளுக்குக் கிடையாது.

சைக்கிள் விட எனக்குத் தெரியும். பிறந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். ஆனால் புடவை கட்டிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டு வருகிற டீச்சரிடம் எந்தப் பிள்ளை பாடம் படிக்கும்? லேடீஸ் சைக்கிள் வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை. இருந்தது என் வீட்டுக்காரருடைய சைக்கிள் ஒன்றுதான். அவர் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். சீட்டுக்கு முன்னால் குறுக்கே போகிற பார்தானே இடைஞ்சல் என்று சொல்லி, சாப்பிட்ட கை காய்வதற்குள் ரம்பத்தை எடுத்துப் பாரை அறுத்துவிட்டார். யோசித்துச் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பார் போன சைக்கிள் நடுவில் தொய்ந்துபோகும். அதனால் கீழே சாய்வாக வேறொரு குழாயை வைத்துப் பற்றவைக்க வேண்டும். மார்க்கெட் ஓரத்தில் இருந்த கேஸ் வெல்டிங் கடையில் இடம் கேட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தார். அவர் கை பழகியதெல்லாம் மண் வெட்டுகிற பெரிய மெஷினின் பற்கள். அந்த இரும்பு அம்மிக்கல் கனம். சைக்கிள் குழாயின் தகடோ அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. மெஷினுக்குக் காட்டுகிற மாதிரியே நெருப்பைக் காட்டினார். குழாயில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனார். அது பெரிய ஓட்டையானது. வேறு குழாய் வாங்கி வந்தார். அதற்கும் அதே கதி.

இரும்பை உருக்காதீர்கள், பித்தளையை உருக்கி ஊற்றுங்கள் என்று கடைக்காரர் முதலிலேயே சொன்னார். இவருக்கும் அது தெரியாததில்லை. பித்தளை பாத்திரத்துக்கு ஆகும், ஆளைத் தாங்குமா என்பது இவர் கட்சி. சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது குழாயும் போன பிறகு கட்சி மாறினார். பித்தளை ஒட்டுவதற்கு வெண்காரப் பொடியைத் தூவி, குழாய் சிவக்கிற வரைக்கும் மட்டும் சூடுகாட்டி, பித்தளைக் கம்பியைத் தொட்டார். சுடுசோற்றில் நெய் இறங்குகிற மாதிரி அது இடுக்குக்குள் இறங்கியது. சாப்பாடு கொடுக்கப் போன நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு குழாய் வைத்திருப்பார்.

அவர்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பற்றவைத்தவர் தன் ஜாயின்டைத் தானே பாஸ் பண்ணக் கூடாது. வேறொரு வெல்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன்படி ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வெல்டர்கள் வந்தார்கள். ஒருவர் நல்ல ஆகிருதி. தட்டிப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பிறகு, எந்தப் பாரம் ஏறுமோ அதற்கு மேல் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை என்று முடிவு செய்தார்கள். அப்போது நான் முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். ஆகிருதியானவர் கேரியரில் உட்கார்ந்தார், மற்றவர் சீட்டில். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ள, சைக்கிள் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கியது. ஜாயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்சக்கரம்தான் வளைந்து எட்டு போட்டுவிட்டது.

“ஜாயின்ட் பாஸு,” என்றார் ஆகிருதியானவர், தரையில் உட்கார்ந்தபடியே.

எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விடிந்தால் வேலையில் சேர வேண்டும். வாசலில் மூன்று வெல்டர்களும் ஒரு சக்கரமும் கிடக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், ஆகிருதியானவர் தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்டிவிட்டு, மிச்ச சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட். பஸ் போய்விட்டது, அவர் போகவில்லை. சைக்கிள் பக்கத்தில் குந்திக்கொண்டு ஜாயின்டை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். நான் கிளம்பி வந்ததும், “இன்னிக்கிப் போவாத. பித்தளை உள்ள முச்சூடும் எறங்கிச்சா இல்லியான்னு தெரியல,” என்றார். ரெண்டு பேர் பாஸ் பண்ணியாயிற்றே என்றேன். அவர்கள் வெளியேதான் பார்த்தார்கள் என்றார். மெஷின் பல்லை மட்டும் உள்ளே புகுந்து பார்த்தா அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

“அது ஒடைஞ்சா வேற பல்லு போட்டுக்குவோம்,” என்றார்.

அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜாயின்டைத்தான் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பிரியமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்று அழுதால் மணி அடித்துவிடும் என்பதால் ஏறி மிதித்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று பார்க்கவில்லை. பிளாக் மாறி பிளாக் மாறி அந்தச் சத்தம் கூடவே வந்தது. மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்து, கையெழுத்தும் போட்டேன். தலைமையாசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“கேட்டுகிட்ட ஒருத்தர் வேர்த்து ஊத்த நிக்கிறாரே, யாரும்மா அது?”

“எங்க வூட்டுக்காரருங்க. நான் ஒடையலன்னு சொல்லிட்டு வந்துடறங்க,” என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியை சரி என்பதற்குள் வாசலுக்கு நடந்தேன்.