கற்பூரத்துக்கும் இறங்கிய கோடு

நாலு வருசத்துக்கு முன்னால் நெல்லுக்கு மருந்து அடிக்கும்போது வரப்பிலேயே மயங்கி விழுந்தேன். பிள்ளையார்தான் காப்பாற்றினார். அப்போது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், காற்றில் மருந்து வாடை இருந்தால் முன்கூட்டியே சொல்லும் கருவி செய்யப்போவதாகச் சொன்னாள். அதற்காகவே காலேஜில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள்.

வெளியூர் பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்து முடிவு சொல்ல வரும் நாளில் நானும் போனேன். அவள் செய்த கருவி நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு சில்லு. விடாமல் துடித்துக்கொண்டே இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாது. மகள்தான் விளக்கினாள்.

"முருங்கைக் கிளையில காக்கா குந்துனா ஆட்டம் மெதுவாவுது இல்ல நைனா? அதுமாரிதான். மருந்து வந்து இதுமேல ஒட்டிச்சின்னா துடிப்பு கொறையும். ஸ்கிரீன்ல கோடு இறங்கும்."

ஆனால் மருந்தே இல்லாமல் அன்று கோடு இறங்கியது. மகள் ஒயரை மாற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள். நான் கிட்டே போய்க் கைகூப்பி வேண்டினேன். இன்னும் இறங்கியது.

தண்ணீர் குடிக்க வெளியே போனேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "நேரா வந்துடுச்சி நைனா!" என்று கத்தினாள். ஓடினேன். நான் போய் நின்றதும் மறுபடியும் இறங்கியது.

வாசல் பக்கம் திரும்பினேன். "என் ராசிதாம்மா சரியில்ல. நான் வூட்டுக்குப் போறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பையில இன்னா கீது?"

பஸ் ஏறுமுன் பிள்ளையாருக்கு ஏற்றியதுபோக மிச்சக் கற்பூரம். அவள் ஜெயித்ததும் ஏற்றுவதாக வேண்டுதல். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ராசியாம் ராசி!" பிறகு சிரிப்பு நின்றுபோனது. மருந்துக்கு மட்டும்தான் அது இறங்க வேண்டும். கற்பூரத்துக்கும் இறங்கினால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

"நான் வெளிய நின்னுக்கிறேன். சார்கிட்ட சொல்லாத. என்னால உன் படிப்பு கெட வேணாம்," என்றேன்.

"நீ கழனிக்கு எடுத்துக்கினு போவப்போற பொருள். பொய் சொல்லுற கருவிய உன் கையில எப்பிடிக் குடுப்பேன்?"

புங்கமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"இன்னும் ஆறு மாசம் வேலை கீது நைனா. சரி பண்ணிட்டு வரச் சொன்னாரு." என் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். "அதுவரைக்கும் நீ மருந்து அடிக்கக் கூடாது. தெரியுதா?"

தலையாட்டினேன்.

இந்தப் போகம் மருந்தே அடிக்கவில்லை. பூச்சி கொஞ்சம் தின்றது. தின்றுவிட்டுப் போகட்டும்.