மெர்சி கேட்ட நாற்காலி

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். இடுப்பு வலி. குனிந்து பாத்திரம் தேய்த்தால் நிமிர ஒரு யுகம் ஆகிறது. வீட்டில் சொன்னால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்களே... பேங்க்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கிளினிக் பெஞ்சில் யார் தெரியுமா? பென்னலூரில் எங்கள் எதிர்வீட்டு மெர்சி. அவள் வீட்டில் சொன்ன பொய், சர்ச் மீட்டிங்! வேறென்ன செய்வது, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மெர்சிக்கு அறுபது நெருங்குகிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷிஃப்ட் முடிந்து போகும் பெண்களின் பையைச் சோதிக்கிற வேலை — முழுக்க நின்றபடி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்குமாம். மாதக்கணக்காக யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிவிட்டது என்று அனுப்பிவிட்டால்? கணவர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

டாக்டர் காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மெத்தென்ற செருப்பு போடச் சொன்னார். ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார்.

"நிக்கிறதுக்குத்தான் சார் சம்பளமே" என்றாள் மெர்சி.

பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு நாற்காலி கேட்டுப் பாரேன் என்று உசுப்பிவிட்டது நான்தான். கேட்பது அவ்வளவு சுலபமா? அவளுடைய சூப்பர்வைசர் விறைத்த முதுகும் முறுக்கிய மீசையுமாக நடப்பவர். சிரித்தே பார்த்ததில்லையாம். ஆனாலும் போய்க் கேட்டுவிட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

வேலை போச்சு என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் கேட்டில் இரண்டு நாற்காலிகள்!

இன்னொன்று யாருக்கு என்று மெர்சி கேட்டிருக்கிறாள்.

"எனக்குத்தாம்மா. உனக்குக் குதிகாலுன்னா எனக்கு இடுப்பு. இத்தினி நாளா கேக்க வெக்கமா இருந்துச்சு. நீ கேட்ட, நானும் உன் பேரைச் சொல்லி மேல கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாராம். அந்த விறைப்பைக் கம்பீரம் என்றல்லவா நினைத்திருந்தாள்... வலியாம்!

சாயங்காலம் வரிசையில் வந்த பெண்கள், "இன்னா ஆன்ட்டி, புரமோஷனா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்று உட்கார்ந்தபடியே பையைத் திறக்கச் சொன்னாளாம் மெர்சி.

வலியை மென்று முழுங்குகிற என் வயதுக்காரர்களே... ஒருவர் வாயைத் திறந்தால் இரண்டு பேர் உட்காரலாம்!