வீட்டுக்குக் கூலிங் கிளாஸ்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரம் வீடு கட்டினால் ஜன்னலைத் திறந்துவைக்க முடியாது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் போதும், துடைத்த மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அதனால் மேற்குப் பக்கத்து அறைக்குப் பெரிய கண்ணாடி ஜன்னலாக வைத்து மூடிவிடுவது என்று முடிவாயிற்று. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் என் மாமியாருக்கான அறை அது. குளியலறையை ஒட்டியிருப்பது அந்த ஓர் அறைதான், வேறு அறைக்கு மாற்ற வழியில்லை. ஏ.சி. போட்டால் முறிந்த இடம் குடைகிறது என்பார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்து மாலை மஃரிப் பாங்கு சொல்கிறவரை வெயில் நேராக அவர் கட்டிலில்தான் விழும். எந்தக் கண்ணாடி என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

முடிவு செய்தது துபாயிலிருந்த என் கணவர். கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் வேலை என்பார். வீடியோவில் வந்தால் அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கும். "இங்க பூரா கண்ணாடிதான். வெளியில நெருப்பா கொட்டும், உள்ள ஜில்லுன்னு இருக்கும். கூலிங் கிளாஸ்னு கேட்டு வாங்கு" என்று ஒரே பிடியாகப் பிடித்தார்.

கூலிங் கிளாஸ் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கல்யாண மாப்பிள்ளை கண்ணில் மாட்டிக்கொள்வது. கடைக்காரருக்கும் அதே அர்த்தம்தான். நான் கேட்டதும் கன்னங்கரேலென்று ஒரு கண்ணாடியை எடுத்து நிறுத்தினார். எனக்கு வேண்டியது சூடு வராத கண்ணாடி, இருட்டு இல்லை என்றேன். அப்படியும் ஒன்று இருக்கிறதாம். வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெயிலின் சூட்டைப் பெரும்பாலும் வெளியிலேயே திருப்பிவிடும் பூச்சு போட்டது, திருச்சியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று ஒரு துண்டைக் காட்டினார். அதை வீடியோவில் கணவருக்குக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், இது சாதாரணக் கண்ணாடி, பொம்பளை என்று உன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று கத்தினார். கடைக்காரர் காதில் விழாமல் இருக்குமா? முகத்தைச் சுருக்கிக்கொண்டு கறுப்பையே அளவெடுத்தார். கடல் தாண்டி இருந்துகொண்டு, கடையில் நிற்கிற என்னைவிட இவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

மாட்டியாயிற்று. பட்டப்பகலில் லைட் போட்டால்தான் மாமியாரின் மாத்திரை எது என்று தெரியும். சூடாவது குறைந்ததா? கறுப்புக் கண்ணாடி வெயிலைக் குடித்துத் தானே கொதித்து, அந்தச் சூட்டை அறைக்குள் விட்டது. மாமியாரின் முதுகில் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகத் தொடங்கியது. புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, பவுடர் போட்டு நொந்துபோனேன். "வூட்டுக்கே கூலிங் கிளாஸ் மாட்டியாச்சு, இனிமே மாப்புள ஊர்வலம்தான் பாக்கி" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொன்னால், கண்ணாடியில் குறை இருக்காது, நீ ஜன்னலைச் சரியாக மூடியிருக்க மாட்டாய் என்பார் கணவர். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும்.

சித்திரை வெயிலில் லீவுக்கு வந்தார். மறுநாள் மதியம், அம்மாவின் முதுகைத் துடைத்துவிடுங்கள் என்று ஈரத்துணியை அவர் கையில் கொடுத்தேன். புண்ணைப் பார்த்தார். எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்தார். அதற்காகவே காத்திருந்தவள்போல் கேட்டேன்.

"உங்க கட்டடத்துல மட்டும் எப்படிங்க உள்ள ஜில்லுன்னு இருக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உள்ள எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? சொல்லக் கேட்டதுதான். நான் வெளியில கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி தொடைக்கிற ஆளு."

பராமரிப்பு என்ற ஒரு வார்த்தைக்குள் இதை இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்திருக்கிறார். சேர்த்து வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே மகனைக் கேட்டார்.

"வெயில்லயாப்பா?"

"இல்லம்மா. காலையிலயே முடிஞ்சிரும்."

சட்டை போடாமல் நின்ற மனுஷனின் பிடரி வெயிலில் கன்றிக் கறுத்திருந்தது, முதுகு வேறு நிறம். அதிலும் பொய். நாளைக்கே போய் அந்தத் திருச்சிக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வாங்க என்று சொல்லி, இன்னொரு துணியை நனைத்து அவர் பிடரியில் போட்டேன்.