படலையடிக் கேள்வி

ஆக்லாந்து, 1997. மங்கரேயில் மழை தூறுகிறது. இங்கே வீடு வீடாகப் போகும் நர்ஸான ராணியக்காவிடம் வேலை பழக வந்த நான், அவருடன் ஒரு மாவோரிப் பழங்குடித் தாயின் வீட்டு வாசலில் நிற்கிறேன். யாழ்ப்பாணத்தைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. நடுவே ஆம்பிளைச் சப்பாத்து கிடப்பதை அக்கா கவனிக்கிறார்.

உள்ளே கணவன் ரக்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா குழந்தையை நிறுக்கிறார், இருமலை விசாரிக்கிறார். தாயின் மணிக்கட்டில் கன்றிய தடம். அக்கா அதைப் பார்க்கிறார்; பையை மூடிக்கொண்டு எழும்புகிறார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “கண்டும் ஏனக்கா கேக்கேல்லை?”

“அவனுக்கு முன்னால கேட்டா, நாங்கள் போன பிறகு அடி அவளுக்குத்தான். இருமலைப் போல இதையும் எல்லா வீட்டிலயும் கேக்க வேணும் எண்டு மாவோரி நர்சுமார்தான் எனக்குப் பழக்கினவை. சான்ட்ரிங்ஹாம் பக்கம் இருக்கிற எங்கட தமிழ் ஆக்களிட்டயும் கேக்கிறனான். பொறு, வழியனுப்ப வருவாள்.”

வேலியின் படலைக் கதவில் சாய்ந்து நிற்கிறோம். ஊரிலும் அப்படித்தான். உள்ளே தேத்தண்ணியோடு சொல்லாததையெல்லாம் அம்மாவும் சின்னம்மாவும் படலையடியில் நின்றுதான் கதைப்பார்கள், இருட்டும் வரை.

குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் வருகிறாள். இருமலை விசாரித்த அதே குரலில் அக்கா ஆங்கிலத்தில் கேட்கிறார்: “வீட்டில உங்களுக்கு ஆரும் அடிக்கிறவையோ?”

அவள் வாசலில் கிடக்கும் சப்பாத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். “நாளைக்குக் காலமை அது அங்க இருக்காது. வருவீங்களா?”

“ஓம், வருவம்” என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிடுகிறார். அவளுக்கு விளங்குகிறது.