கண்ணாடித் தொட்டியில் விரால்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. என் மனைவி இதைச் சர்க்கரையோடு சேர்த்து இன்னொரு வியாதியாகவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் கடைசியில் நான் யாரையாவது மன்னித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் வயல்கள் முடிந்து உப்புக்காற்று தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. சவுதியிலிருந்து திரும்பியதும் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கிக் குளம் வெட்டினேன். ரோகுவும் கட்லாவும் விட்டேன். நாங்கள் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பக்கத்து வடிவாய்க்காலில் எஞ்சின் வைத்துத்தான் குளத்துக்கு இறைப்பேன். சுற்றியிருந்த நெல்வயல்காரர்களும் அப்படித்தான். பிறகு ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு நிலையம் கட்டினார்கள். சுத்தம் செய்த தண்ணீர் இதே வாய்க்காலில் வரும், பயிருக்கு நல்லது என்றார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்லதுதான். அது அங்கிருந்த எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் ஊரில் மூச்சு விட்டதில்லை.

ஒருநாள் விடிகாலையில் குளத்துக்குப் போனேன். முதல்நாள் மாலை இறைத்த தண்ணீர். கரையோரம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. உயிரோடு இருந்த கொஞ்சமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவையும் சாய்ந்தன. பெரிய கட்லா ஒன்றைக் கையில் எடுத்தேன். அடுத்த மாதம் பிடிக்க வேண்டிய மீன். வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளி மோந்தேன். அழுகின முட்டை வாடை. அந்த வாடையோடு எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம் உண்டு.

நேரே நிலையத்துக்குப் போனேன். அதை நடத்திய கான்டிராக்ட் கம்பெனியின் இன்சார்ஜ், முப்பத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டையோடு நாற்காலியில் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, வாசலில் வைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டியிடம் கூட்டிப்போனார்.

"பாய், இது எங்க தண்ணிதான். சுத்தம் பண்ணின தண்ணி. மீன் எப்பிடி நீந்துது பாருங்க. சென்னையிலேருந்து வர்ற ஆபீசருங்க எல்லாம் இதைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க."

பார்த்தேன். தொட்டியில் இருந்தவை விரால். நான்கு கொழுத்த விரால்கள். எங்கள் பக்கத்தில் மீன் வாங்கத் தெரிந்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள், விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் ஜாதி. சேற்றிலும் கிடக்கும், மீன்காரியின் ஈரச்சாக்கிலும் பாதிநாள் உயிரோடு இருக்கும். கூடையில் எது கடைசிவரை துள்ளியதோ அதைப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, விவரம் தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சார், இது விரால். இது சாக்கடையிலயும் வாழும்" என்றேன். பின்னால் இருந்த தொட்டிகளைக் காட்டி, "உங்க புளோயர் சத்தமே கேக்கலியே, காத்து ஊதாம எப்பிடி சுத்தமாகும்?" என்றும் கேட்டேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த வேலையாட்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்: "பாய், நீங்க மீன் வித்தமா, தொழுதமா, வீட்டுக்குப் போனமான்னு இருங்க. இது சயின்ஸ். உங்களுக்குப் புரியாது."

அந்தச் சிரிப்புதான். செத்த மீனைக்கூட அல்லாவின் பெயரைச் சொல்லித் தாங்கிக்கொண்டிருப்பேன். குழி வெட்டி மீன்களைப் புதைத்தபோது ஒவ்வொரு கூடைக்கும் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. இந்த ஆளை இதே இடத்தில், இதே வேலையாட்கள் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு ஏன் புரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சவுதியில் நான் பார்த்தது ஒரு பெரிய நகரத்தின் கழிவுநீர் நிலையத்தில் வேலை. முதலில் தொட்டி கழுவினேன், பிறகு புளோயர் ஓட்டினேன், கடைசி வருஷங்களில் ஷிப்டுக்கே பொறுப்பாளன். ஊருக்கு எழுதியது "வாட்டர் கம்பெனி, ஆபீஸ் வேலை" என்று. மனைவிக்கு மட்டும் தெரியும். எங்கள் ஊரில் சவுதி போனவன் அத்தர் மணக்க வரவேண்டும். மலம் அள்ளிவிட்டு வந்தவன் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அது மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயம் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெரிய இடம். சம்பந்தி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்ட விடமாட்டார். அவரிடமும் ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லியிருந்தேன்.

மனு கொடுத்தேன். வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கொடுத்தேன். கடைசியில் ஆர்.டி.ஓ. அம்மா நேரில் வந்து பார்ப்பதாக நாள் குறித்தார்கள். அன்று காலை நான் சட்டை மாட்டும்போது மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"அவங்களும் வர்றாங்களாம்" என்றாள். சம்பந்தியைச் சொன்னாள். வர்த்தகர்கள் சார்பில் வருகிறாராம். ஊரில் எது நடந்தாலும் முன்வரிசையில் நிற்கிற மனுஷன். "நிக்காஹ் முடியிற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. மீனு போனா மீனு வரும்."

"அவன் சிரிச்சானே" என்றேன்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். புள்ளை வாழ்க்கைங்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்து மீன் பண்ணை ஒன்றிலிருந்து வாங்கி வந்திருந்த கெண்டைக் குஞ்சுகளின் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அதிகாரி வரும் தேதி முன்கூட்டியே தெரிந்ததால் புளோயர்கள் எல்லாம் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் மாதிரி இரைந்துகொண்டிருந்தன. வாசலில் வண்ணக்கோலம். தண்ணீர் வெளியேறும் குழாயருகே நாற்றமே இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடைதான் மூக்கைத் துளைத்தது. இன்சார்ஜ், ஆர்.டி.ஓ. அம்மாவைக் கண்ணாடித் தொட்டியிடம் கூட்டிப்போய் விராலைக் காட்டினார். அவரும் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, ஒரு கால்மணி நேரம் கொடுங்க" என்று இரண்டு வாளிகளைக் கேட்டு வாங்கினேன். ஒன்றில் அவர்கள் குடிக்கிற போர் தண்ணீர். இன்னொன்றில் வெளியேறும் குழாய்த் தண்ணீர். குஞ்சுகளைப் பாதிப் பாதியாக விட்டேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். போர் தண்ணீரில் இருந்தவை வட்டமடித்தன. மற்ற வாளியில் இருந்தவை முதலில் துள்ளின, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து நீந்தின, பிறகு ஒவ்வொன்றாக அடியில் தங்கின. இன்சார்ஜ் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், இனித்தது.

ஆனால் அந்த ஆள் விடவில்லை. "மேடம், இவரு வாளியில எதையோ கலந்திருக்காரு. மீன் விக்கிறவருக்கு சுத்திகரிப்பு பத்தி என்னங்க தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்து வந்து நாடகம் போடுறாரு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சம்பந்தி எனக்கு நேர் எதிரே, கையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றார். யூடியூப்பில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்சார்ஜ் இன்னொரு முறை சிரித்திருப்பார்.

"நான் பதினெட்டு வருஷம் சவுதியில சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துல வேலை பார்த்தவங்க" என்றேன். "தொட்டிக்குள்ள எறங்கி வாரியிருக்கேன். அந்தக் காத்துத் தொட்டியில ஒரு கண்ணாடி ஜாடி அள்ளி அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்க. நல்ல தொட்டின்னா பழுப்புச் சேறு அடியில படிஞ்சு மேல தண்ணி தெளியும். அந்தச் சேறு உயிருள்ளது. அதுதான் அழுக்கைத் தின்னும். காத்து இல்லாம செத்துப்போச்சுன்னா மறுபடி வளர வாரக்கணக்காகும். நேத்து சாயங்காலம் புளோயரைப் போட்டு இன்னிக்கி வளராது. அதை மறைக்கத்தான் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருக்காங்க. அதுலதான் குஞ்சு செத்துச்சு."

ஜாடியில் அள்ளினார்கள். கறுப்பாக, ரசம்போல் இருந்தது. அரைமணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது.

அன்று பிறந்ததுதான் இப்போதிருக்கும் உத்தரவு. சுத்தம் செய்த தண்ணீரை முதலில் குட்டையில் நிறுத்த வேண்டும். சோதனையில் தேறினால்தான் மதகைத் திறக்கலாம். திறப்பதற்கு முதல்நாளே வயல்காரர்களுக்கும் குளத்துக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். திறக்கும்போது எங்கள் ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆள் நான். கம்பெனி இன்சார்ஜை வேறு ஊருக்கு மாற்றப் பார்த்தது. நானே போய் அம்மாவிடம், "அவரு இங்கயே இருக்கட்டும்மா, தொழில் கத்துக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். அம்மா அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் நான் குட்டைக் கரையில் போய் நிற்பேன். அவர் மதகுச் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு, "பாய், தொறக்கலாங்களா?" என்று கேட்க வேண்டும், அதே வேலையாட்கள் முன்னால். நான் உடனே பதில் சொல்வதில்லை. தண்ணீரை அள்ளி மோந்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, கைக்குட்டையை எடுத்து நிதானமாக விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் தலையை அசைப்பேன்.

சம்பந்தி நிச்சயத்தை முறிக்கவில்லை. ஹலாலான உழைப்புதானே என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். ஆனால் அன்று முதல் என் கையைப் பிடித்து முசாபஹா செய்ததில்லை. தூரத்திலிருந்தே சலாம்.

அடுத்த வருஷம் கல்யாணம். குளத்தில் புது மீன் வளர்ந்திருந்தது. ஆட்டுக்கறியோடு என் குளத்து ரோகுவையும் பொரிக்கச் சொன்னேன். இன்சார்ஜுக்கும் பத்திரிகை வைத்தேன். அன்பினால் வைக்கவில்லை. அவர் அந்த மீனைத் தின்பதை நான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும், தொண்டையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் உட்காருவது முறை. உட்கார்ந்தேன். தட்டு வந்தது. "நீங்க ஆரம்பிங்க, பந்தியைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சம்பந்தி நகர்ந்தார். கூட உட்கார வேண்டிய அவர் தம்பிகள் இருவருக்கும் வேறு சஹனில் இடம் கிடைத்துவிட்டது. நான்கு பேர் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கப் பார்க்க, நான் தனியாக இருந்தேன். இந்தக் கை எதில் இருந்த கை என்று எல்லோருக்கும் தெரியும்.

வாசலில் இன்சார்ஜ் நின்றார். "சார், இங்க வாங்க" என்றேன். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்த தயக்கம் ஒன்றும் இல்லை. நேராக மீனைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்.

பாதியில், தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னார்: "குத்தாலத்துல எங்க மாமனார் வீட்டுல நான் குடிதண்ணி செக்‌ஷன்ல இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன், பாய். நீங்க அன்னிக்கி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்க. என்னால முடியலைங்க."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் மகள் கல்யாணத்தில் என் தட்டில் கை வைக்க இந்த ஒருவன்தான் கிடைத்தானா என்று நெஞ்சு எரிந்தது. சஹனில் நல்ல துண்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுவது வழக்கம். முள்ளை எடுத்துவிட்டுத் தள்ளினேன்.

"வியாழக்கிழமை பிளீச்சிங் வாடை அடிச்சா தொறக்க விடமாட்டேன்" என்றேன்.

"தெரியுங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டை எடுத்துக்கொண்டார்.

சம்பந்தி கடைசிவரை வரவில்லை. நான்கு பேர் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.