மூடுபனிக்கு மேலே ஒரு விமானம்

அறுபதுகளின் கடைசியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வானிலைக் குறிப்பு எடுப்பது என் வேலை. தாம்பரத்திலிருந்து விடியலில் ரயிலேறிப் போவேன். எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பல்லாவரம் மலை தெரிந்தால் கவலையில்லை.

ஒரு தை மாதக் காலையில் மலையைக் காணோம். முந்தின மாலை கடற்காற்று கொண்டுவந்த ஈரம், மேகமில்லாத இரவில் குளிர்ந்துபோன தரைமேல் மூடுபனியாகப் படிந்திருந்தது. நூறடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. தலைக்கு மேலே விமானம் ஒன்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டுப்பாட்டு அறை அதிகாரி போன் செய்தார். "ரன்வே தெளிவா தெரியுதுன்னு பைலட் சொல்றார். நீங்க ஒண்ணுமே தெரியலைங்கறீங்களே?"

மொட்டைமாடிக்கு ஓடினேன். கடைசிப் படியில் என் தலை பனிக்கு வெளியே வந்தது. மேலே நீல வானம். கீழே கண்ணுக்கெட்டிய வரை வெண்மை, அதில் மலையுச்சி மட்டும் தீவுபோல. கை தானாகக் கும்பிட்டது.

இறங்கி வந்து சொன்னேன்: "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் சார். பனி மாடி உயரந்தான். நேர் மேலேருந்து பார்த்தா ரன்வே தெரியும். சாய்வா இறங்கும்போது பார்வை ரொம்ப தூரம் பனிக்குள்ளேயே போகணும், ரன்வே மறைஞ்சிடும். காத்திருக்கச் சொல்லுங்க."

வெயில் ஏறித் தரை சூடானதும் பனி கலைந்தது. விமானம் இறங்கியது. பைலட் என்னைத் தேடி வந்தார்.

"ஒரு தடவை தாழ வந்து பார்த்தேன் சார். ரன்வே அப்படியே கரைஞ்சு போச்சு," என்றார்.

அவ்வளவு மெல்லிய பனிக்கு இத்தனை பலமா என்று இருவரும் வெறும் ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.